நரியின் இடப்பக்கம்

காலை ஏழு பத்துக்கு விழுப்புரத்திலிருந்து போன் வந்தது. திண்டிவனத்துப் பள்ளியில் என்னோடு இருபத்தாறு ஆண்டுகள் விலங்கியல் நடத்தியவர். நான் ஓய்வுபெற்ற மறு ஆண்டு அவரும் ஓய்வுபெற்றார்.

"சார், தப்பா நெனைச்சிக்காதீங்க. போன வாரம் ஸ்கூலுக்குப் போயிருந்தேன். கண்ணாடி அலமாரில இருக்கிறது நரி இல்ல சார். நாய்."

அந்த மண்டையோடு நான் வைத்தது. கூட்டேரிப்பட்டுக்குப் பக்கத்தில் ஒரு மல்லாட்டைக் கொல்லையில், நிலக்கடலைச் செடிகளுக்கு நடுவே கிடைத்தது. கொல்லைக்காரர் நரி என்றார். நான் பற்களை எண்ணினேன். மேலே இருபது, கீழே இருபத்திரண்டு. நரிக்கு நாற்பத்திரண்டு பல் என்பது எனக்கு மனப்பாடம். அட்டையில் 'நரி' என்று எழுதி, கீழே என் பெயரையும் எழுதினேன். பதினெட்டு ஆண்டுகளாக அங்கே இருக்கிறது. அந்தப் பள்ளியில் என் பெயர் உள்ள பொருள் அது ஒன்றுதான்.

"எதை வெச்சு சொல்றீங்க?"

"எனக்கு நெஜ நரி மண்டை ஒண்ணு கெடைச்சிருக்கு சார், மண்டகப்பட்டுல பாறை ஓரமா. ஸ்கூலுக்குத்தான்னு எழுதிக் குடுத்து பாரஸ்ட் ஆபீஸ்ல அனுமதி வாங்கிட்டேன். உங்களுதையும் எடுத்துக்கினு வாங்க, பக்கத்துல வெச்சுப் பாத்துடலாம்."

அனுமதி வேறு வாங்கியிருந்தார். எதையும் முறையாகச் செய்து என்னைக் குறைத்துக் காட்டுவது அவர் வழக்கம். ஓய்வுக்குப் பிறகு பழைய மாணவர்கள் அவருக்கு அனுப்பிய கல்யாணப் பத்திரிகைகள் நாற்பத்தேழு. அவர் சொல்லச் சொல்ல எண்ணி வைத்திருக்கிறேன். எனக்கு வந்தவை ஒன்பது. எழுபத்திரண்டு வயதில் அவருக்கு முப்பத்திரண்டு பல்லும் இருக்கின்றன. எனக்கு மிச்சம் பத்தொன்பது.

பள்ளியில் கேட்டு மண்டையோட்டை வாங்கி, துண்டில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். அவருடையது நரியாக இருக்கக் கூடாது என்பதைத் தவிர வழியெல்லாம் எனக்கு வேறு நினைப்பில்லை.

அவர் வீட்டுக் கூடத்தில், மாதா படத்துக்குக் கீழே இருந்த மேசையில், செய்தித்தாள் விரித்து அவருடைய மண்டையோடு தயாராக இருந்தது. நான் உட்காரும் முன்பே எண்ணத் தொடங்கினேன். நாற்பத்தொன்று.

"ஒண்ணு கொறையுதே" என்றேன். குரலில் இருந்த சந்தோஷம் எனக்கே கேட்டது.

"மேல எடது கோரைப்பல்லு இல்ல சார். பொறவிலியே மொளைக்கல போல. அத்த விடுங்க, நாய்க்கும் நரிக்கும் நாப்பத்திரெண்டுதானே. எண்ணி என்ன ஆவப் போவுது? நெத்தியப் பாருங்க."

பார்த்தேன். என்னுடையதில் மூக்கெலும்பு முடிந்து நெற்றி தொடங்கும் இடம் படிபோல் ஏறியது. அவருடையதில் சரிவாகப் போனது. மேல்தாடையின் முதல் பின்கடைவாய்ப்பல்லைத் தடவினேன். வெளி ஓரத்தில் வரப்பு கட்டினாற்போல ஒரு மேடு விரலில் தட்டியது. நரிக்கு அது இருக்கும். என்னுடையதில் தடவினேன். வழுவழுவென்று இருந்தது. மறுபக்கமும் தடவினேன். அங்கும் இல்லை.

பதினெட்டு ஆண்டுகளாக நாய்க்குக் கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

அவர் மனைவி வேகவைத்த மல்லாட்டை கொண்டுவந்து வைத்தார். "செத்ததோட பல்ல எண்ணினது போதும், சாப்புடுங்கண்ணா. நரி கூட மல்லாட்டைய சூடாற வுடாது."

அவர் முப்பத்திரண்டு பல்லாலும் இரண்டு பக்கமும் மென்றார். நான் வலப்பக்கமாக மென்றேன். மெல்லும்போதுதான் அவருடைய மண்டையோட்டை மறுபடி கையில் எடுத்தேன். கோரைப்பல் இருக்க வேண்டிய இடத்தில் எலும்பு லேசாகக் குழிந்து, மூடி, ஆறியிருந்தது. முளைக்காத பல்லுக்கு அப்படி வடு இருக்காது. செத்த பின் உதிர்ந்திருந்தால் குழி திறந்தே இருக்கும். இடப்பக்கக் கடைவாய்ப்பற்களில் கனமாகக் காரை படிந்திருந்தது, முனைகள் தேயவில்லை. வலப்பக்கம் தட்டையாகத் தேய்ந்திருந்தது.

பேசாமல் கீழே வைத்திருக்கலாம். அவருக்குத் தெரியாது. கடைசிவரை பிறவிக் குறை என்றே சொல்லிக்கொண்டிருப்பார். இன்னொரு கொட்டையை உரித்தேன்.

"பொறவில இல்ல சார் இது" என்றேன். "உயிரோட இருக்கும்போது போன பல்லு." எல்லாவற்றையும் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"எப்டி சார் கண்டுபுடிச்சீங்க?"

"எனக்கும் அந்தப் பக்கம் இல்ல."

அவர் சிரிக்கவில்லை. பேனாவை எடுத்தார். "சொல்லுங்க, எழுதிக்கறேன். அட்டையில உங்க பேரும் போட்டுடறேன் சார்."

"வேணாம். உங்க நரி. உங்க பேரு போதும்."

சரி என்று எழுதத் தொடங்கிவிட்டார்.

போன மாதம் பள்ளிக்குப் போய்ப் பார்த்தேன். என் நாய் கீழ்த்தட்டில் இருக்கிறது. 'நாட்டு நாய்' என்று அட்டையை நானே மாற்றிக் கொடுத்திருந்தேன், பெயரில்லாமல். மேல்தட்டில் அவருடையது. அட்டையில் இப்படி இருந்தது: 'நரி. மேல் இடக் கோரைப்பல் உயிரோடிருக்கும்போதே விழுந்துள்ளது. குழி எலும்பால் மூடியுள்ளது. பிறகு வலப்பக்கமாகவே மென்று நெடுநாள் வாழ்ந்திருக்கிறது.' கீழே அவர் பெயர்.

பதினான்கு சொற்கள். முதல் சொல் அவருடையது. மற்ற பதின்மூன்றும் நான் சொன்னவை. என் பெயரைப் போடட்டுமா என்று அவர் ஒருமுறைதான் கேட்டார். இரண்டாம் முறை கேட்டிருந்தால் சரி என்றிருப்பேன்.