பிரேக் அக்கா

"கிளச்சை மெதுவா விடுங்க சார். கோழிக்குஞ்சு மேல கால் வச்சிருக்கீங்கன்னு நெனச்சுக்கங்க" என்று சொல்லிக்கொண்டே தன் பக்கத்துப் பிரேக்கை மிதிக்கிறார் அக்கா. கார் குலுங்கி நிற்கிறது. சுவருக்கும் எங்களுக்கும் ஒரு சாண் இடைவெளி. "குஞ்சு போச்சு" என்கிறார், முகத்தில் சிரிப்பே இல்லாமல். "மறுபடி ஸ்டார்ட் பண்ணுங்க."

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் பத்தொன்பது வருடமாக ஆசிரியை. கற்றுக்கொடுக்கும் காரில் இரண்டு பிரேக் உண்டு. இரண்டாவது அவர் காலடியில். அதனால் பிரேக் அக்கா. அவருடைய வலது கால் அந்தப் பிரேக்குக்கு மேல் எப்போதும் அரை அங்குலம் தூக்கியபடியே இருக்கும். வலது செருப்பு தேய்ந்து ஓட்டை விழுந்த பிறகும் இடது செருப்பு புதுசாகவே மின்னும். குரலை உயர்த்தியதில்லை. நாற்பது வயதில் கற்க வந்து கை நடுங்கிய என்னிடம் முதல் நாள் சொன்னது: "பயம் இருக்கலாம் சார், தப்பில்ல. காலுக்குத் தெரியாமப் பாத்துக்கங்க."

வகுப்பு நேரத்தில் போனை எடுக்கமாட்டார். ஒரு புதன்கிழமை காலை பத்து மணிக்கு அது மூன்று முறை விடாமல் அடித்தது. மூன்றாவது முறை எடுத்தார். அவர் குடியிருக்கும் வீட்டின் கீழ்த்தளத்துத் தையல்காரம்மா பேசுவது எனக்கே கேட்டது.

"உங்க தம்பி மாடில தொட்டித் தண்ணியெல்லாம் திறந்து விட்டுட்டாரு. கைப்பிடிச் சுவர் மேல ஏறி நிக்கிறாரு. சீக்கிரம் வாங்க."

"அவன்கிட்ட யாரும் கத்தாதீங்க. வந்துட்டேன்."

என்னை இறங்கச் சொல்ல மறந்துபோனார். நானும் நினைவூட்டவில்லை. இடம் மாறி உட்கார்ந்தோம்.

தம்பி அவரைவிட ஆறு வயது இளையவர். குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. மூன்று வாரமாகத் தூங்கவில்லை. ஊர்த் தண்ணீரில் ஏதோ கலந்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இதை அக்கா வழியில்தான் சொன்னார், கண்ணைச் சாலையிலிருந்து எடுக்காமல்.

மாடியில் கணுக்கால் நனையத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. சுவரின் மேல் தம்பி நின்றார். உதடு வெடித்திருந்தது. மேல்வீட்டுப் பெரியவர் என் காதருகே, "நாலு தட்டு தட்டினா தெளிஞ்சிடும்" என்றார். அக்காவுக்கு அது கேட்டுவிட்டது. "ஐயா, நீங்க கீழ போயி கேட்டைத் திறந்து வைங்க. அது பெரிய உதவி" என்றார். பொறுப்பு கிடைத்த மிடுக்கோடு பெரியவர் இறங்கிப் போனார்.

அக்கா தம்பியை நோக்கி நடக்கவில்லை. இருந்த இடத்திலேயே ஈரத் தரையில் உட்கார்ந்தார்.

"யாரும் குடிச்சிடக் கூடாதுக்கா. அதான் திறந்து விட்டேன்."

"சரி."

"நீயும் நம்பல. நான் பைத்தியம்னு நெனைக்கிற."

"தண்ணில என்ன இருக்குன்னு எனக்குத் தெரியலடா. எனக்கு எதுவும் தெரியல. நீ ரெண்டு நாளா ஒரு சொட்டு குடிக்கல, அது தெரியும். உனக்கு உடம்பு சரியில்ல. டாக்டர்கிட்ட போலாம். நீ அங்க நிக்கிறது எனக்குப் பயமா இருக்கு. கால் நடுங்குது, பாரு."

உண்மையிலேயே நடுங்கியது. தம்பி அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. பிறகு, அழும் குழந்தையைத் தூக்க வருகிறவர்போலச் சுவரிலிருந்து உள்பக்கமாக இறங்கி வந்து, அக்காவின் முழங்காலைப் பிடித்துக்கொண்டார்.

காரில் பின்கதவுகளை உள்ளிருந்து திறக்க முடியாதபடி பூட்டிவிட்டு அக்கா ஓட்டினார். நான் பின்னால், தம்பியின் பக்கத்தில்.

"நீங்க இன்னிக்குத் தண்ணி குடிச்சீங்களா?" என்று தம்பி என்னைக் கேட்டார்.

"காலைல ஒரு டம்ளர்."

அவர் முகம் கறுத்தது. என் மணிக்கட்டைப் பிடித்து நாடியை எண்ணத் தொடங்கினார். "அக்கா, இவருக்கு வேகமா அடிக்குது. இவரை முதல்ல காட்டணும்." அது என் பயத்தின் வேகம் என்று நான் எப்படிச் சொல்வேன்? சிக்னலில் வண்டி நின்றதும் கையை உதறிவிட்டுக் கதவுப் பிடியை இழுத்தார். திறக்கவில்லை. தோளால் மோதினார். அக்கா திரும்பவில்லை. "தம்பி, கண்ணாடில என்னைப் பாரு. என் கண்ணை மட்டும் பாரு. இன்னும் ரெண்டு தெரு" என்றார். பச்சை விழும்வரை இருவரும் அந்தச் சிறிய கண்ணாடியில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மருத்துவமனை அவசரப் பிரிவின் ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர் நிமிராமலே கேட்டார்: "அடி பட்டிருக்கா? ரத்தம் வருதா?"

"இல்ல. மனசு சரியில்ல."

"மனநல டாக்டர் செவ்வாயும் வெள்ளியும்தான். இன்னிக்குப் புதன். வெள்ளிக்கிழமை கூட்டிட்டு வாங்க."

"வீடு புதன்கிழமை பத்திக்கிட்டா வெள்ளிக்கிழமை அணைப்பீங்களா?"

அவர் இப்போது நிமிர்ந்தார். அக்கா குரலை உயர்த்தவில்லை. கியர் மாற்றச் சொல்லிக்கொடுப்பதுபோல ஒவ்வொன்றாகச் சொன்னார். "மூணு வாரமாத் தூக்கம் இல்ல. ரெண்டு நாளாத் தண்ணி இல்ல. ஒரு மணி நேரத்துக்கு முன்னாடி மாடிச் சுவர் மேல நின்னான். இதை எழுதிக்கங்க. கீழயே, பாக்க முடியாதுன்னு திருப்பி அனுப்பினேன்னு எழுதி, கையெழுத்துப் போட்டு எங்கிட்ட குடுங்க."

பேனா அந்தரத்தில் நின்றது. பிறகு அவர் போனை எடுத்தார்.

வந்த மருத்துவர் சின்னப் பெண். தம்பியைச் 'சார்' என்று அழைத்தார். உடம்பு வற்றியிருக்கிறது, ஊசி வழியாக நீர் ஏற்ற வேண்டும் என்றார். தம்பி பாட்டிலைக் கேட்டார். மூடியின் முத்திரையைத் தடவினார்; தயாரித்த தேதி, காலாவதித் தேதி, தொகுதி எண், எல்லாவற்றையும் வெயில் பக்கம் பிடித்து இரண்டு முறை படித்தார். மருத்துவர் அவசரப்படுத்தவில்லை. "இது பரவால்ல" என்று கையை நீட்டினார் தம்பி.

அவரைப் படுக்க வைத்தபின் மருத்துவர் அக்காவைத் தனியே அழைத்தார். "சாகறதப் பத்தி எப்பவாவது பேசியிருக்காரா?"

"போன வாரம், 'நான் இல்லன்னா உனக்குச் சுமை குறையும்'னான். சும்மா பேசாதடான்னு சொல்லிட்டு கிளாசுக்குக் கிளம்பிட்டேன். அன்னிக்கே கூட்டிட்டு வந்திருக்கணும்."

"இன்னிக்குக் கூட்டிட்டு வந்துட்டீங்க" என்றார் மருத்துவர். சேர்க்கைப் படிவத்தை நீட்டினார்.

தம்பி பதினேழு நாள் உள்ளே இருந்தார். இப்போது மாத்திரையோடு வீட்டில் இருக்கிறார், நிறையத் தூங்குகிறார், தண்ணீரை இன்னும் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடிக்கிறார், ஆனால் குடிக்கிறார். எனக்கு உரிமம் கிடைத்துவிட்டது. அக்காவின் பேச்சு வரும்போதெல்லாம் என் கண்முன் வருவது அந்த மதியம், வார்டு வாசல்.

உள்ளே விடுவதற்கு முன் செவிலியர் சொன்னார்: "பெல்ட், கயிறு, நாடா, பின்னு, எதுவும் உள்ள போகக் கூடாதும்மா." தம்பி போட்டிருந்தது நாடா வைத்த காற்சட்டை. அக்கா குனிந்து முடிச்சை அவிழ்த்து, நாடாவை முழுசாக உருவினார். மூன்று வாரத்தில் இளைத்த இடுப்பிலிருந்து காற்சட்டை நழுவியது. தம்பி வெட்கத்தோடு இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தார்.

அக்கா தன் கொண்டையிலிருந்த ரப்பர் வளையத்தை இழுத்தார். பாதி நரைத்த கூந்தல் தோளில் சரிந்து விழுந்தது. காற்சட்டையின் இடுப்புத் துணியை ஒரு பக்கமாகக் கொத்தாகச் சேர்த்து, வளையத்தை இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கினார். விரலை உள்ளே விட்டு இறுக்கம் பார்த்தார். செவிலியர் அதைப் பார்த்தார். கதவைத் திறந்தார். அக்கா தம்பியின் இரண்டு கைகளையும் இடுப்பிலிருந்து மெல்ல எடுத்து, கீழே தொங்கவிட்டார்.