ரிலக்டன்ட் ஒரு கூறு

போன திங்கட்கிழமை காலை ஏழு மணி. கடற்கரைச் சாலையில் அம்மாவின் மீன் கடை முன்னால் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. சஃபாரி சூட் போட்ட ஒருவர். இறங்கவில்லை. ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு கேட்டார்.

"ஏம்மா, ரிலக்டன்ட் ஒரு கூறு குடு."

நான் கழுவிக்கொண்டிருந்த சங்கரா நழுவி வாளிக்குள் விழுந்தது.

அம்மா அசரவில்லை. பக்கத்துக் கூடையிலிருந்து பொடி மீன் ஒரு கூறு அள்ளிப் பையில் போட்டாள். "நல்லாகீது நைனா. தலைய கிள்ளிட்டு அப்டியே வறுக்க சொல்லு."

ஸ்கூட்டர் போய்விட்டது.

ரிலக்டன்ட் என்றால் மனசில்லாமல், தயங்கித் தயங்கி ஒன்றைச் செய்வது. அது மீன் இல்லை என்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். நாற்பது நாளாக மயிலாப்பூருக்குத்தான் தெரியவில்லை.

தப்பு என்னுடையது. நொச்சிக்குப்பத்தில் எங்கள் குடும்பத்திலேயே பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான் — இதைப் பத்து பேரிடம் சொல்லிவிட்டேன், பதினோராவதாக உங்களிடமும் சொல்கிறேன். பி.காம். முடித்தாயிற்று. ஆழ்வார்பேட்டையில் ஒரு கூரியர் கம்பெனியில் ரிசப்ஷனிஸ்ட் வேலைக்கு மனுப் போட்டிருந்தேன். வியாழக்கிழமை இன்டர்வியூ. முழுக்க இங்கிலீஷ். எனக்கோ படிக்க வரும், எழுத வரும், வாயைத் திறந்தால் மட்டும் காற்றுதான் வரும். அதனால் நாளுக்கொரு புது வார்த்தை என்று ஆரம்பித்தேன்.

காலை இரண்டு மணி நேரம் அம்மாவோடு கடையில் இருப்பேன். மீன் கழுவுகிற கையால் டிக்‌ஷனரியைத் தொட முடியுமா? ஒரு பழைய சிலேட்டில் அன்றைய வார்த்தையை எழுதி, கடைக் குடையின் கம்பில் மாட்டிவிட்டேன். அர்த்தம் எழுதவில்லை. எழுதினால் மூளை சோம்பேறியாகிவிடும் என்பது என் தியரி.

சிலேட்டுக்கு நேர் கீழே இருந்தது கலப்பு மீன் கூடை. வலையில் கடைசியாக மிஞ்சுகிற பொடிகள். அவற்றுக்கு எங்கள் குப்பத்திலேயே சரியான பேர் கிடையாது.

"எவ்ளோ நாளாம்மா இப்டி விக்கற?"

"நீ பலகை மாட்னதுலேர்ந்து. நீ வூட்டுக்கு போனப்பறம் வர்றவங்க எட்டிப் பாக்கறாங்க, இன்னாவோ ஒரு பேர சொல்லி கேக்கறாங்க. இல்லன்னு தொரத்தவா?"

"அது மீன் பேரு இல்லம்மா."

"அந்த மீனுக்குந்தான் பேரு இல்ல. உனுக்கு இன்னா போச்சு?"

எனக்கு என்ன போச்சா? ராத்திரி முழுக்க உருப்போட்டு நான் சேர்த்த வார்த்தைகளுக்கு ஊரே மிளகாய்த்தூள் தடவிக்கொண்டிருக்கிறது...

அடுத்த இரண்டு நாள் வீட்டுக்குக் கிளம்பாமல் நின்று வேடிக்கை பார்த்தேன். மந்தைவெளியிலிருந்து வருகிற ஒரு அக்கா சொன்னார்: "போன வாரம் ஆரகன்ட் வாங்கிட்டுப் போனேன், ஒரே முள்ளு. ஹம்பிள் வந்தா எடுத்து வைங்க. எங்க வீட்டுப் பசங்களுக்கு அதுதான் ஒத்துக்குது."

சாந்தோமிலிருந்து வந்த இன்னொரு அக்கா குறுக்கே வந்தார். "ஆரகன்ட்டைப் பொரிக்கக் கூடாதுங்க. புளி நிறைய விட்டுக் குழம்பு வச்சா அடங்கிடும்."

ஆரகன்ட் என்றால் திமிர், ஹம்பிள் என்றால் பணிவு. இவர்களில் பாதிப் பேர் ஆபீஸில் வேலை பார்ப்பவர்கள். ஒருவராவது "இதுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டிருக்க வேண்டாமா? கேட்கமாட்டார்கள். தெரியாத இங்கிலீஷ் வார்த்தை எதிரே வந்தால் நம் ஊரில் யாரும் அர்த்தம் கேட்பதில்லை. தலையை ஆட்டுவார்கள். தேவைப்பட்டால் சாப்பிட்டும் விடுவார்கள்.

வியாழக்கிழமை வந்தது. காலையில் சிலேட்டில் 'கேண்டிட்' என்று எழுதி வைத்துவிட்டு, எலுமிச்சம்பழத்தால் கையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு, கஞ்சி போட்ட புடவையில் ஆழ்வார்பேட்டைக்குப் போனேன்.

மேனேஜர் அறைக் கதவைத் திறந்தால்... அதே சஃபாரி சூட்.

அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. வாளியோடு குனிந்திருக்கிற பெண்ணின் முகத்தை யார் பார்க்கிறார்கள்? பக்கத்தில் ஒரு டைப்பிஸ்ட் அம்மா குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். மேனேஜர் பொழுதுபோக்கு என்ன என்று இங்கிலீஷில் கேட்டார். தினம் ஒரு புது வார்த்தை கற்கிறேன் என்று இங்கிலீஷிலேயே சொன்னேன். திக்கவில்லை.

இன்றைய வார்த்தை என்ன என்று கேட்டார், அதுவும் இங்கிலீஷில்.

"கேண்டிட், சார்."

அவர் சிரித்துவிட்டார். தமிழுக்கு இறங்கினார். "அது மீன் பேராச்சேம்மா. காலையிலதான் வாங்கி வீட்டுல குடுத்துட்டு வரேன்."

டைப்பிஸ்ட் அம்மாவின் பேனா நின்றது.

மீன்தான் என்று தலையாட்டினால் வேலை கிடைக்கும். இல்லை என்றால் வேலையும் போகும், அம்மாவுக்கு ஒரு வாடிக்கையாளரும் போவார். ஆனால், கேண்டிட் என்றால் மனசில் உள்ளதை ஒளிக்காமல் பேசுவது. அதைக் கற்ற அன்றே எப்படிப் பொய் சொல்வது?

"சார், நீங்க வாங்கினது கலப்பு மீன். அதை வித்தது எங்க அம்மா. சிலேட்டுல இருந்தது மட்டும் என்னோட வார்த்தை." அர்த்தத்தையும் சொன்னேன்.

அவர் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"தெரியும்மா. சும்மா டெஸ்ட் பண்ணேன். லெட்டர் போடுவோம்."

லெட்டர் போடுவோம் என்றால் என்ன அர்த்தம் என்பதற்கு டிக்‌ஷனரி வேண்டாம். வீட்டுக்கு வந்து சொன்னேன். அம்மா வெற்றிலையை மடித்தபடி, "வாயி சும்மா இருந்துகினா இன்னாவாம் உனுக்கு?" என்றாள். அதோடு சரி.

சனிக்கிழமை காலை ஸ்கூட்டர் மறுபடி வந்தது. இந்தத் தடவை ஸ்டாண்டு போட்டு இறங்கினார். சிலேட்டைப் பார்த்தார். அன்றைய வார்த்தை, 'டெனேஷியஸ்' — பிடித்த பிடியை விடாதது. இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துவிட்டு, அம்மாவிடம் மெதுவாகக் கேட்டார்.

"இதுக்கு என்னம்மா அர்த்தம்?"

அம்மா நிமிரவே இல்லை. "மீனு வோணும்னா என்னாண்ட கேளு நைனா. அர்த்தம் வோணும்னா தோ, என் பொண்ணு. உன் ஆபீஸாண்ட குந்த வெச்சுகினா தெனிக்கும் கேட்டுக்கலாம்."

மேனேஜர் என்னைப் பார்த்தார். வாளியைப் பார்த்தார். "திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு வந்துடும்மா" என்றார். அவர் அதைத் தயங்கித் தயங்கிச் சொன்ன விதத்துக்கு என்னிடம் ஏற்கெனவே ஒரு வார்த்தை இருந்தது.

அவர் போனதும் சிலேட்டைக் கழற்றப் போனேன். அம்மா என் கையைத் தட்டிவிட்டாள்.

"அது கடையோடது. நாளிக்கு இன்னும் பெரிய வார்த்தையா எழுது. வஞ்சிரம் வருது."