வெள்ளம் வடிந்த காலை

"ஆத்தங்கரை இடிஞ்சா எந்திரிச்சு ஓடணும். அதுக்கு எதுக்கும்மா காலேஜு?" என்று நான் கிளம்பும்போது மாமா கேட்டார். ஓடுவதைப் பற்றிப் பேச அவருக்குத் தகுதி உண்டு. ஜப்பான்காரன் காலத்தில், பெடாஸ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் கரை இடிந்த அன்று முதலில் ஓடியவர் அவர்தான். என்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அப்போது அரிசி கிடைக்கவில்லை. ஆறு வளைந்து திரும்பும் இடத்தில் மூங்கில் புதரை வேரோடு தோண்டிவிட்டு, கரையின் விளிம்புவரை அம்மா மரவள்ளி நட்டிருந்தார். எங்கள் மூவருக்கும் அதுதான் சோறு.

கிழங்கு முற்றிய சமயம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. ஆறு கரையை முட்டி ஓடியது. லயத்து வரிசை வீட்டு ஜனமெல்லாம் தூர நின்று வேடிக்கை பார்த்தது. அம்மா என் கையை விடவே இல்லை. கரையோ அசையவில்லை.

மறுநாள் வெயிலடித்தது. தண்ணீர் மளமளவென்று இறங்கியது. இனிப் பயமில்லை என்று எல்லாரும் சிரித்தார்கள். ஊறிய மண்ணில் கிழங்கு அழுகிவிடுமே என்று அம்மா சாக்கோடு ஓடினார். மாமாவும் நானும் பின்னால்.

செடிகளுக்கு நடுவே தரையில் ஒரு கோடு தெரிந்தது. கால் வைத்தேன், கணுக்கால்வரை போனது. அதைத் தாண்டித் தாண்டி விளையாடினேன். கொஞ்ச நேரத்தில் தாண்டுவதே கஷ்டமாகிவிட்டது.

"அம்மா, கோடு பெருசாவுது!"

"வெளாண்டது போதும்லா, கெழங்கப் பொறுக்கு."

மாமா திரும்பிப் பார்த்தார். "அக்கா! சாக்க வுட்டுட்டு ஓடியா!" என்று கத்திக்கொண்டே என்னை அள்ளினார்.

அம்மா சாக்கை விடவில்லை. இழுத்துக்கொண்டே விரிசலைத் தாண்டினார். அவர் முதுகுக்குப் பின்னால் எங்கள் தோட்டம், செடிகள் நின்றது நின்றபடி, சறுக்கி ஆற்றில் இறங்கியது. நான் மாமாவின் தோளில் இருந்தபடி கைதட்டி, "இன்னொரு தடவ!" என்றேனாம்.

அம்மா சாக்கின்மேல் உட்கார்ந்து அழுதார். ஏன் என்று எனக்குப் புரியவில்லை. முட்டி மோதியபோது சும்மா இருந்த ஆறு, அடங்கிய பிறகு எப்படிக் கரையை இடித்தது என்பதும் புரியவில்லை. அதை லயத்தில் யாராலும் சொல்ல முடியவில்லை.

எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். சிரம்பானில் பூகோள வகுப்பில் ஆசிரியை கரும்பலகையில் ஓர் ஆற்று வளைவைப் போட்டபோது, எழுந்தே நின்றுவிட்டேன். வெள்ளம் வளைவின் அடிமண்ணைக் குடைந்துவிடுகிறது. ஆனால் நிறைந்து நிற்கும்வரை அந்தத் தண்ணீரேதான் கரையைத் தாங்குகிறது! அது இறங்கியதும் தாங்க ஆளில்லை. ஊறிக் கனத்த மண்ணைப் பிடித்துக்கொள்ள மூங்கில் வேரும் இல்லை.

இன்னும் எத்தனையோ ஆறுகள், எத்தனையோ கேள்விகள். பூகோளம் படிக்கச் சிங்கப்பூரில் இடம் கிடைத்துவிட்டது. அங்கே போகும் ரயில் வண்டி இப்போதுதான் கிம்மாஸ் ஸ்டேஷனைத் தாண்டியது.