கால் பங்கா, ஐந்தில் ஒன்றா

என் மகள் ஆறாம் வகுப்பு படித்த வருடம் கணக்குப் பாடத்தில் விகிதம் வந்தது. ஒரு பையில் சிவப்புப் பந்துகளும் நீலப் பந்துகளும் 1:4 என்ற விகிதத்தில் இருக்கின்றன; மொத்தத்தில் சிவப்பு எத்தனை பங்கு என்று கேள்வி. யோசிக்காமலே, "கால் பங்கு, எழுதிக்க" என்றேன். மறுநாள் தப்பு என்று நோட்டு திரும்பி வந்தது.

அவள் என்னிடம் வரவில்லை. பக்கத்தில் இருக்கும் என் கொழுந்தன் வீட்டுக்குப் போய்விட்டாள். கொழுந்தன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். வீட்டில் அவர் மனைவி மட்டும்தான். நான் பி.ஏ. முடித்தவள், அவள் பிளஸ் டூவோடு நின்றவள். ஆனாலும் கறம்பக்குடியில் எந்த விசேஷ வீட்டுக்குப் போனாலும், "சின்ன மருமகதான் கெட்டிக்காரி" என்பது என் காதில் விழுந்துவிடும்.

மகளைத் தேடிப் போனேன். அடுப்படியில் இருவரும் இட்லிக்கு ஊறப்போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"உளுந்து ஒரு டம்ளர், அரிசி நாலு டம்ளர். ஒண்ணுக்கு நாலு, இதான் விகிதம். மொத்தம் எத்தனை டம்ளர்?"

"அஞ்சு, சித்தி."

"அப்ப மொத்தத்துல உளுந்து?"

"அஞ்சுல ஒண்ணு! அம்மா கால்னு சொல்லிட்டாங்க."

இருவரும் சிரித்தார்கள். என்னைப் பார்த்ததும் அவள் நிறுத்திக்கொண்டாள். மகள் நிறுத்தவில்லை.

கணக்கு விளங்காததுகூடப் பெரிதில்லை. என் பிள்ளை அவள் தோளில் சாய்ந்து நின்ற விதம்தான் வயிற்றை எரித்தது. "சித்திக்கு வேலை கெடக்கு. இனிமே அங்கிட்டுப் போகாத" என்று கையைப் பிடித்து இழுத்து வந்தேன். இரண்டு வாரம் நானே பாடம் சொன்னேன். அடுத்த டெஸ்டில் விகிதக் கணக்கு மூன்றும் தப்பு.

"நீங்க சொன்ன மாதிரிதாம்மா எழுதுனேன்" என்றாள் மகள். அழக்கூட இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை, அவளைத் தூங்கவிட்டு நான் மட்டும் கொழுந்தன் வீட்டுக்குப் போனேன்.

"அந்த விகிதம் எனக்கே வெளங்கலை. சொல்லிக் குடு."

அவள் சிரிக்கவில்லை. "நீங்க சொன்னது முழுக்கத் தப்பில்லக்கா. அரிசியோட வச்சுப் பாத்தா உளுந்து கால்தான். விகிதம் உளுந்தையும் அரிசியையும் பக்கத்துல வச்சுப் பாக்குது. பின்னம்னு வந்தா எதுல பங்குன்னு கேக்கணும். மொத்தத்துலன்னா ரெண்டையும் கூட்டிக்கணும்."

ஐந்து நிமிடத்தில் விளங்கிவிட்டது. அவள் ஏளனமாகப் பேசியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டிருப்பேன். இவ்வளவு பதமாகச் சொன்னவளை என்ன செய்வது?

மகளை மறுபடி அங்கே போகவிட்டேன். அரையாண்டுப் பரீட்சையில் கணக்கில் தொண்ணூற்றாறு வாங்கினாள். பள்ளி வேனை விட்டு இறங்கியதும் பேப்பரை எடுத்துக்கொண்டு நேரே அந்த வீட்டுக்குள் ஓடினாள். நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். அங்கிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. சந்தோஷப்பட வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. பட முடியவில்லை.