ஆயில்ய நாளும் லீலாவின் மூச்சும்

1

"மெஷின் கேடாக்கும், வேற என்ன?" என்று ஆராய்ச்சியை நடத்திய டாக்டர் சார் கத்தினார். கேடும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. டெஸ்ட் நடந்த அன்று காலையில்தான் மூச்சை அளக்கும் அனலைசரை நானே கேலிப்ரேட் செய்திருந்தேன்.

தொண்ணூறுகளின் நடுவில், பாறசாலையில் ஒரு கிளினிக்கின் பின்னறையில் எங்கள் ஆராய்ச்சி நடந்தது. பெண்ணுக்கு முட்டை வெளிவந்த பிறகு புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் ஏறும். அது மூச்சைக் கொஞ்சம் கூட்டும். அதனால் வெளிவிடும் காற்றில் கார்பன் டை ஆக்ஸைடு குறையும். இதை அளக்க மாதவிடாய்ச் சுழற்சியின் முன்பாதியில் ஒருமுறை, பின்பாதியில் ஒருமுறை மூக்கில் கிளிப், வாயில் மவுத்பீஸ், கையில் ஊசி. ரத்தத்தை ஐஸ் பெட்டியில் வைத்து நெய்யாற்றின்கரையில் ரயிலேற்றி லேபுக்குக் கொண்டுபோவது என் பாடு.

வந்த பெண்களில் தனுவச்சபுரத்து லீலாவும் ஒருத்தி. கல்யாணமாகி ஏழு வருஷம், பிள்ளை இல்லை. "இது வைத்தியமில்ல லீலா, ஆராய்ச்சி" என்று நான் சொல்லாத நாள் இல்லை. "தெரியும் அக்கா" என்பாள். ஆனாலும் ஏன் பிள்ளை இல்லை என்று நாங்கள் கண்டுபிடித்துச் சொல்லிவிடுவோம் என்று நம்பித்தான் வந்தாள். கூடவே மாமியாரும் வருவார்.

பின்பாதியில் லீலாவின் மூச்சு கூடியிருந்தது. ரத்தத்திலோ புரோஜெஸ்டிரோன் இல்லவே இல்லை. அதற்குத்தான் சார் அந்தக் கத்து கத்தினார். அடுத்த மாதமும் அதே கதை. சார் அலுத்துப்போய் நடையில் நின்ற மாமியாரிடம், "அம்மச்சி, ஹோர்மோண் தீரெ இல்ல, கேட்டோ. பின்ன எங்ஙனெயா குஞ்ஞுண்டாவுன்னது?" என்று, ஹார்மோனே இல்லை, பிறகெப்படிக் குழந்தை உண்டாகும் என்பதை மலையாளத்தில் சொல்லிவிட்டு டீக்கடைக்குச் சாயை குடிக்கப் போனார். எனக்கு அவரைக் கடித்துத் துப்பலாம் போல இருந்தது.

2

அடுத்த முறை வரவேண்டிய நாளைச் சொன்னேன்.

"அண்ணைக்கு ஆயில்யமாக்கும் அக்கா. பாம்புக் காவுக்குப் போவணும். பிள்ளைக்குள்ள நேர்ச்சை. ஒரு மாசமும் முடங்கப்பிடாது."

"அண்ணைக்குத் தீட்டு வந்தா?"

"வராது. மாத்திரை உண்டே. மாமி வாங்கித் தருவாவ. மாசத்தில பாதி நாள் தின்னுதேன்."

"எவ்வளவு காலமா?"

"நாலு வருஷமாச்சு."

ஐயோ என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். அது செயற்கையாகச் செய்த புரோஜெஸ்டிரோன். எங்கள் ரத்தப் பரிசோதனையில் சிக்காது, மூச்சில் மட்டும் தெரியும். அவள் தின்ற நாள்கணக்குக்கு முட்டை வெளியே வரவே விடாது. பிள்ளை வேண்டும் என்ற நேர்ச்சைக்காகப் பிள்ளை உண்டாகாத மாத்திரையைத் தின்றுகொண்டிருந்தாள். குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று எல்லோரிடமும் கேட்போம். பிள்ளைக்கு ஏங்குபவளிடம் அதைக் கேட்பது கொடுமை என்று அவளிடம் மட்டும் யாருமே கேட்கவில்லை.

சாரிடம் சொன்னேன். "ஃபைன்! ஒரு கேஸ் ரிப்போர்ட் எழுதலாமே" என்றார்.

அவள் வீட்டுக்குப் போய் மாத்திரையை நிறுத்துங்கள் என்று கெஞ்சினேன். மாமியார் உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"தீட்டோட நாகத்துக்க முன்ன நிக்கச் சொல்லுதியா? நீ சர்ச்சுக்குப் போறவ, உனக்கு இதொண்ணும் தெரியாது. உங்க டாக்டரே சொல்லியாச்சு, இவளுக்கு ஹார்மோன் இல்லைன்னு. இனி நீ என்னத்துக்கு மாத்திப் பேசுத?"

லீலாவின் கணவர் சைக்கிள் செயினைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

3

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் இரண்டே விஷயம் சொல்வேன். கேட்க வாய் கூசுகிற கேள்வியை முதலில் கேளுங்கள். பாதி தெரிந்த ரிசல்ட்டை நடையில் நின்று யாரிடமும் உளறாதீர்கள். இதைப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை நான்.

ஓணத்துக்கு முன்பே லீலாவைக் கள்ளிக்காட்டில் அவள் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வழக்கு வேண்டாம் என்று இரண்டு வீட்டாரும் பேசியே உறவை அறுத்துக்கொண்டார்கள். நேர்ச்சை நின்றது, மாத்திரையும் நின்றது. ஆனாலும் எங்களுக்கு வாக்குக் கொடுத்ததால் கடைசி டெஸ்ட்டுக்குத் தனியாக பஸ் ஏறி வந்தாள். மூச்சு கூடியிருந்தது. இந்த முறை ரத்தத்திலும் புரோஜெஸ்டிரோன் இருந்தது. குறையே இல்லை.

ரிசல்ட் வந்ததும் கள்ளிக்காட்டுக்குப் போய்ச் சொன்னேன். எழுந்து நின்றுவிட்டாள்.

"அப்போ எனக்கு ஒண்ணும் இல்லியே அக்கா? இத அவியகிட்ட ஒண்ணு சொல்லுவியளா?"

போனேன். மாமியார் வீட்டு முற்றத்தில் கல்யாணப் பந்தல் கட்டிக்கொண்டிருந்தார்கள். மாமியார் இந்த முறை நாற்காலி போட்டு உட்காரவைத்தார். சொன்னதை எல்லாம் தலையாட்டிக் கேட்டார்.

"கொள்ளாம், நல்ல காரியம். அப்போ அவளுக்கும் எங்கயாவது ஒரு சம்பந்தம் பாரு மக்கா" என்றார். "சாயை ஆறுது, குடி."