பக்கவாசலோரப் பாய்

நவம்பரிலிருந்து சுவார்த்தம்மா ஒரே விஷயத்தை நான்கு முறை சொல்லிவிட்டாள். முதல் மூன்று முறையும் "சரிம்மா, பார்க்கலாம்" என்றுதான் பதில் வந்தது.

ஆந்திராவில், ரேப்பல்லே ஊருக்கு வெளியே, கால்வாய்க்கரைச் சபைக்கு அவள் பைபிளம்மா. வீடு வீடாகப் போய் ஜெபம் செய்துவிட்டு வரும் வேலை, இருபத்திரண்டு வருடமாக. கையில் குடை, தோளில் பை, பைக்குள் பைபிளும் தலைவலித் தைலமும். எந்த வீட்டில் காய்ச்சல், எந்த வீட்டில் மாமியாரும் மருமகளும் பேசிக்கொள்வதில்லை என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். யார் வீட்டிலும் அடுப்படி வரைக்கும் போவாள். கமிட்டிக் கூட்டத்தில் மட்டும் டீ கொடுத்துவிட்டு ஓரமாக நிற்பாள்.

கிறிஸ்துமஸ் அன்று சர்ச்சில் கால் வைக்க இடம் இருக்காது. அடுத்த ஞாயிறு பாதிப் பாய் காலியாகக் கிடக்கும். வருடா வருடம் இதே கதைதான். இந்த வருடம், ஊருக்கு வந்து சில வருடமே ஆன சபைச் செயலாளர் யேசுரத்னம் விஜயவாடாவில் இரண்டு நாள் பயிற்சிக்குப் போய் அதற்கு வழி கண்டுபிடித்துக்கொண்டு வந்திருந்தார். புதிதாக வருகிறவர்களுக்கு வாசலிலேயே சிவப்பு ரிப்பன் குத்த வேண்டும். இரண்டாவது பாட்டு முடிந்ததும் ரிப்பன் குத்தியவர்கள் எழுந்து நின்று, மைக்கில் பேரும் தெருவும் சொல்ல வேண்டும். கையில் ஒரு ரோஜா. சபை கைதட்ட வேண்டும்.

"ஐயா, நிக்க மட்டும் வைக்க வேண்டாம். உக்காந்திருக்கிறப்பவே ரோஜாவைக் குடுத்துடலாம்" என்றாள் சுவார்த்தம்மா, நாலாவது முறையாக, கமிட்டிக்கு டீ கொடுத்துக்கொண்டே.

"நிக்கலேன்னா யார் யார் புதுசுன்னு எப்படிம்மா தெரியும்?"

"எனக்குத் தெரியும். நான் எழுதித் தர்றேன்."

"நீங்க எழுதுறத அப்புறம் நாங்க வாசிக்கணுமே, பைபிளம்மா."

கமிட்டியே சிரித்தது. நாலாம் வகுப்போடு நின்றவள். அவள் எழுத்து கோணலும் மாணலுமாகத்தான் இருக்கும். காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

காரணத்தைச் சொல்லியிருந்தால் ஒருவேளை கேட்டிருப்பார்கள். ஆனால் யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று தயாமணிக்கு வாக்குக் கொடுத்திருந்தாள்.

ஒன்பது வருடத்துக்கு முன்பு தயாமணியின் மகள் வீட்டுக்குத் தெரியாமல் ஒரு லாரி டிரைவரைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். மகளை ஒழுங்காக வளர்க்கவில்லை என்று அப்போதைய மூப்பர்கள் தயாமணியை ஞாயிறு ஆராதனையில் எல்லோருக்கும் முன்னால் எழுந்து நிற்க வைத்து மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். அவள் நின்றாள். வாய் திறக்கவில்லை. அதற்குப் பிறகு சர்ச் பக்கமே வரவில்லை. அன்றைக்கு அதே பாயில், அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் சுவார்த்தம்மா. அவளும் வாய் திறக்கவில்லை.

ஒன்பது வருடம் வாரம் தவறாமல் அந்த வீட்டுக்குப் போய்வந்த பிறகு, இந்த அக்டோபரில்தான் தயாமணி இறங்கி வந்தாள்.

"கிறிஸ்துமஸ் அன்னிக்கு வர்றேன்க்கா. கூட்டத்தோட கூட்டமா உக்காந்துட்டுப் போயிடுவேன். யாராவது என்னை நிக்கச் சொன்னா, அப்படியே வெளிய போயிடுவேன். அதுக்கப்புறம் நீயும் என் வாசல்படி ஏறக் கூடாது."

"யாரும் சொல்ல மாட்டாங்க" என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள் சுவார்த்தம்மா. அதற்கு அடுத்த வாரம்தான் யேசுரத்னம் விஜயவாடா போனார்.

கிறிஸ்துமஸ் காலையில், பெண்கள் உட்காரும் இடது பக்கத்தில், பக்கவாசலை ஒட்டி ஒரு பாயை விரித்துக்கொண்டு காத்திருந்தாள். முன்வாசலுக்கு வராமல் நேரே உள்ளே வரச் சொல்லியிருந்தாள். ஆனால் பிரியாணிக்காரர்கள் அண்டாக்களைக் கொண்டுவந்து சரியாக அந்த வாசலுக்கு வெளியே இறக்கினார்கள்.

"இங்க ஆள் வர்ற வழிப்பா. அந்தப் பக்கமா வையுங்க."

"அடுப்பு மூட்டியாச்சும்மா. சாப்பாடு வேணுமா, வழி வேணுமா?"

ஆக, தயாமணி முன்வாசல் வழியாகவே வர வேண்டியதாயிற்று. அங்கே ரிப்பன் டப்பாவோடு ஸ்வப்னா நின்றுகொண்டிருந்தாள். இரண்டு வருடத்துக்கு முன்பு இந்த ஊருக்கு மருமகளாக வந்தவள், தயாமணியைப் பார்த்ததே இல்லை. அவளுடைய பச்சைப் புடவையில் ரிப்பனைக் குத்தி, சிரித்து, உள்ளே அனுப்பினாள்.

"கழட்டு அதை" என்றாள் சுவார்த்தம்மா மெதுவாக.

"ஒரு தடவை கழட்டிட்டேன். கீழ விழுந்துடுச்சுன்னு நினைச்சு அந்தப் பொண்ணு திரும்ப வந்து குத்திட்டுப் போகுது. இதுக்குத்தான் கூப்பிட்டியா என்னை?"

இரண்டாவது பாட்டு முடிந்தது. யேசுரத்னம் மைக்கை எடுத்தார். முன்வரிசையிலிருந்து புதியவர்கள் ஒவ்வொருவராக எழுந்து, வெட்கத்தோடு பேர் சொன்னார்கள். கைதட்டல் ஓய்ந்ததும் அவர் கண் பின்னால் வந்தது.

"பக்கவாசல் ஓரமா, பச்சைப் புடவைக்காரம்மா. கூச்சப்படாம எழுந்திருங்க. உங்களுக்காகத்தான் இத்தனை ஏற்பாடும்."

தயாமணியின் விரல்கள் பாயின் ஓரத்தை இறுகப் பிடித்தன. தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. சுவார்த்தம்மா அவள் தோளில் இருந்த ரிப்பனைச் சட்டென்று பிடுங்கித் தன் முந்தானையில் குத்திக்கொண்டு, தரையில் கையூன்றி எழுந்து நின்றாள். முழங்கால் மளுக்கென்றது.

"பைபிளம்மா, உங்களை யாரு கூப்பிட்டா? நீங்க புதுசா?"

சர்ச்சே சிரித்தது.

"பேரு சுவார்த்தம்மா. கால்வாய்க்கரைத் தெரு" என்றாள். "ரோஜாவைக் குடுங்கய்யா. பாட்டுக்கு நேரமாகுது."

யாரோ கைதட்ட, எல்லோரும் தட்டினார்கள். ஸ்வப்னா ஓடிவந்து ரோஜாவைக் கொடுத்தாள். அடுத்த பாட்டு தொடங்கியது. தயாமணி தலையில் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு கடைசிப் பாட்டு வரைக்கும் உட்கார்ந்திருந்தாள். பிறகு அண்டாக்களுக்கு நடுவே புகுந்து போய்விட்டாள்.

சாப்பாட்டுக்குப் பிறகு யேசுரத்னம், புதியவர்களின் பேரும் தெருவும் எழுதிய ஒரு கட்டு அட்டைகளை நீட்டினார். "நல்லா சிரிப்புக் காட்டினீங்க. நாப்பத்தியொரு பேரு புதுசு. ஒவ்வொரு வீடா நீங்கதான் போய்ப் பார்க்கணும்."

மேலே இருந்த அட்டையில், ஸ்வப்னாவின் அழகான கையெழுத்தில், 'சுவார்த்தம்மா, கால்வாய்க்கரைத் தெரு' என்று இருந்தது.

"என்னை நானே போய்ப் பார்க்கணுமாய்யா?"

அவர் அதற்குள் பாயசம் பரிமாறும் இடத்தைப் பார்த்துப் போய்விட்டார்.

அந்த வாரம் எல்லா வீட்டுக்கும் போனாள். தயாமணி வீட்டுக்கு மட்டும் போகவில்லை. நிற்கச் சொல்லத்தானே செய்தார்கள்; வாசல்படி ஏற இனி உரிமை உண்டா என்று அவளுக்கே தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போலப் பாதிப் பாய் காலி. நாற்பத்தொரு பேரில் மூன்று பேர் வந்திருந்தார்கள். யேசுரத்னம் வாசலைப் பார்ப்பதும் கடிகாரத்தைப் பார்ப்பதுமாக இருந்தார். அண்டாக்கள் இல்லாத பக்கவாசல் திறந்து கிடந்தது. முதல் பாட்டு பாதியில் இருக்கும்போது பச்சைப் புடவை ஒன்று அந்த வழியாக உள்ளே வந்து, ஓரத்துப் பாயில் உட்கார்ந்தது.

"தள்ளி உக்காருக்கா" என்றாள் தயாமணி.

சுவார்த்தம்மா தள்ளி உட்கார்ந்தாள். எதிரே, முன்வாசலில், ஸ்வப்னா இவர்களைப் பார்த்துவிட்டு ரிப்பன் டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்புவது தெரிந்தது. சுவார்த்தம்மா பைக்குள் கைவிட்டாள். தலைவலித் தைலத்துக்கு அடியில் கிடந்த, கிறிஸ்துமஸ் அன்று குத்திய சிவப்பு ரிப்பனைத் தேடி எடுத்து, முந்தானையில் குத்திக்கொண்டு, முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள்.