மூடி போடப் பழகிய விரல்கள்

காலை பதினொன்று இருபதுக்கு மகளின் அழைப்பு வந்தது. அலுவலகத்தில் இருந்தேன். நர்சிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். ஊருக்கு வெளியே ஒரு மருத்துவமனையில் அவளுக்கு வார்டுப் பயிற்சி.

"அப்பா, பயப்படாதீங்க. பேஷண்டுக்குப் போட்ட ஊசி என் விரல்ல குத்திருச்சு."

அவள் பயப்படாதீங்க என்றதும்தான் எனக்குப் பயம் வந்தது. உடனே கிளம்பினேன். நான் ஏறிய ஆட்டோ ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டு நெரிசலில் சிக்கியது. "கொஞ்சம் வேகமாப் போங்கண்ணே" என்றேன். "முன்னாடி நிக்கிற பஸ்ஸத் தூக்கிட்டா போக முடியும்?" என்றார் ஓட்டுநர்.

நான் போய்ச் சேர்ந்தபோது வார்டு நர்ஸ் அவளிடம் கேட்டுக்கொண்டிருந்தார். "குத்துன ஊசிக்கு மூடி போடுன்னு யாரு சொன்னா? அப்படியே ஊசி போடுற டப்பாவுல போட வேண்டியதுதான?"

"காலேஜ்ல அப்படித்தான் பழகுனோம் சிஸ்டர்."

கல்லூரியில் பயிற்சிக்கு ஊசிகள் குறைவு. ஒருத்தி பொம்மைக்குக் குத்திவிட்டு, மூடி போட்டு அடுத்தவளிடம் தர வேண்டும். மூடாமல் நீட்டினால் திட்டு விழும். இரண்டு வருடப் பழக்கம். அன்றைக்கும் விரல்கள் தாமாகவே மூடியைத் தேடிப் போயின.

"பொம்மைக்கு நோய் வராதுல்ல பாப்பா" என்றார் நர்ஸ்.

அந்த நோயாளியின் ரத்தத்தில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. எச்.ஐ.வி.யாக இருந்தால்? தடுப்பு மாத்திரையைச் சில மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டுமாம். ஆனால் மாணவி என்பதால் பயிற்சிக்குக் கூட வந்திருந்த கல்லூரி ஆசிரியை வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். அவரது போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மகள் விரலை மடியில் ஒளித்துக்கொண்டு, "சாப்பிட்டீங்களாப்பா?" என்று கேட்டாள்.

நர்சிங் கல்லூரிகளைக் கூட்டுகிறார்கள், மாணவர் இடங்களைக் கூட்டுகிறார்கள். நல்லதுதான். ஆனால் ஒரு பிள்ளை முதன்முதலாக உயிருள்ள உடம்பைத் தொடும்போது பக்கத்தில் ஒரு ஆசிரியர் நிற்க வேண்டும். அந்தப் பிள்ளைக்கே ஏதாவது ஆனால் யாரையும் கேட்காமல் சிகிச்சை தொடங்க வேண்டும். கல்லூரிக்கு அனுமதி தரக் கட்டடத்தை அளப்பதற்கு முன்னால் எழுத வேண்டிய விதிகள் இவை என்று வார்டு வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது தோன்றியது. இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். பிறகு எடுத்த பரிசோதனைகளில் மகளுக்கு ஒன்றும் இல்லை என்று வந்துவிட்டது. ஆனாலும் வேலை நேரத்தில் அவள் அழைத்தால், போனை எடுக்கும் முன்பே நாற்காலியை விட்டு எழுந்துவிடுகிறேன்.

அன்றைக்கு மதியம் ஒரு மணியைத் தாண்டிய பிறகு, படியில் யாரோ ஓடி இறங்கும் சத்தம் கேட்டது. ஆசிரியைதான். என் மகளைவிட நாலைந்து வயது கூட இருக்கலாம். மூச்சு வாங்கியது.

"மொதல்ல மாத்திரையக் குடுங்க சிஸ்டர். கையெழுத்தப் பொறகு போடுறேன்" என்றார். மகள் மாத்திரையை விழுங்கும் வரை பார்த்துக்கொண்டு நின்றார். அதற்குப் பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

"மாடி வார்டுல இருந்தேன் சார், போனப் பாக்கல. நாலு வார்டுக்கும் நான் ஒருத்திதான்."